வீடும் செடியும்: கற்றாழைத் தொட்டிக்குள் ஒரு திருட்டுக் கூட்டம்

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை டிபன் வேலை முடித்து, இட்லித் தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அப்பாடா என்று உட்காரப் போனேன். வாசலில் மணி. மாடி வீட்டுப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன். மற்றக் கையில் ஒரு கற்றாழைத் தொட்டி. அதே கையின் சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்குகிறது.

"அக்கா, உங்க வீட்டுக் கற்றாழை மட்டும் எப்படி இப்படித் தளதளன்னு வளருது? என்னுது பாருங்க, கருவாடு மாதிரி காயுது. இன்னிக்குத் தொட்டி மாத்திடலாம்னு இருக்கேன். மருந்தும் வாங்கியாச்சு. தொட்டிக்கு ஒரு ஸ்பூன் மண்ணோட கலந்துட்டா ஒரு பூச்சி வராதாம்!"

கவரை வாங்கிப் பார்த்தேன். பெயர் இல்லை, அச்சடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை. ஊதா நிறத்தில் பொடிக் குருணை, கடையில் சில்லறையாகக் கட்டிக் கொடுத்தது. கேக்கின் மேல் தூவுகிற வண்ண மிட்டாய்க்கும் அதற்கும் ஒரு குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? அந்தப் பயலோ அதற்குள் "தா, தா" என்று கை நீட்ட ஆரம்பித்துவிட்டான்.

"சரி, இந்தக் கற்றாழையை நீ என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை தலைக்குத் தேய்ச்சுக்குவேன். வெயில் காலத்துல மோர்ல அடிச்சுக் குடிப்போம். ஏன்க்கா?"

சகோதரிகளே, என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

இந்தக் குருணை மருந்துகளில் பல, மண்ணில் கரைந்து, வேர் வழியாகச் செடியின் உடம்பு முழுவதும் ஏறுகிற வகை. சாற்றை உறிஞ்சும் பூச்சி செத்துப் போவது அதனால்தான். பூச்சி குடிக்கிற அதே சாற்றைத்தானே நாம் மோரில் அடிக்கிறோம்? மேலே தண்ணீர் விட்டு அலம்பினால் போய்விட அது தூசி இல்லை. அழகுக்கு வைத்த செடி என்றால் ஒரு கதை. கற்றாழை நாம் தொடுகிற, தின்கிற செடி. அதிலும் தவழ்கிற, நடைபழகுகிற குழந்தை இருக்கும் வீட்டில், பால்கனித் தரையில் இருக்கும் தொட்டி மண்ணில் விஷக் குருணை! நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு முதல் தின்பண்டமே மண்தானே?

"இதை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துட்டு வா. குப்பையில போடாதே, சிங்க்ல கொட்டாதே. தொட்டி மாத்தற வேலையை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது. நூற்றைம்பது ரூபாயாம். (கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை, சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். போகட்டும்.)

மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பை இரண்டு தட்டுத் தட்டினோம். மண் கட்டியாகக் கழன்று வந்தது. வந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "பார்த்தீங்களா அக்கா, நர்சரிக்காரர் நிறைய உரம் போட்டிருக்கார். வேரெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்கு!"

உரமில்லை. அரிசி மாவைத் தூவிய மாதிரி வேரெங்கும் ஒட்டியிருந்தது வேர் மாவுப்பூச்சி. தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளைப் பூச்சாக அதன் மெழுகு படிந்திருந்தது. மேலே இலையில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் மூன்று மாதமாக அவள் கண்ணில் படவில்லை. இலை சுருங்குகிறதே, தாகம்போல என்று தினமும் தண்ணீர் வேறு விட்டிருக்கிறாள். பூச்சி ஒரு பக்கம் சாற்றை உறிஞ்ச, ஈரம் இன்னொரு பக்கம் வேரை அழுகவைக்க, கற்றாழை என்ன செய்யும்?

நம்மில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். சதைப்பற்றுள்ள செடிகள், நர்சரியில் 'சக்குலன்ட்' என்கிறார்களே, ஜேட், எச்சிவேரியா, ஹவொர்த்தியா, கள்ளி வகைகள், நம்ம கற்றாழை, எல்லாமே தண்ணீரைத் தன் உடம்பிலேயே சேமித்து வைத்திருப்பவை. வேரில் நோய் வந்தாலும் சேமிப்பை வைத்து மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் காட்டும். முகம் வாடும்போது உள்ளே பாதிக்கு மேல் போயிருக்கும். (நம் வீடுகளிலும் அப்படிச் சில மனுஷிகள் உண்டு. அதை வேறொரு நாள் பேசலாம்.) ஆகவே தொட்டி மாற்றும் நாள்தான் வேரைப் பார்க்கக் கிடைக்கிற நாள். செடியை அப்படியே மண்ணோடு தூக்கிப் பெரிய தொட்டியில் உட்காரவைத்து, சுற்றிலும் புது மண் போட்டு முடித்துவிட்டால், பூச்சிக்குப் பெரிய வீடு கட்டிக் கொடுத்த கணக்கு.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூச்சி என்றும் பயந்துவிடக் கூடாது. இப்போது நர்சரி மண்ணில் பெர்லைட் என்று வெள்ளை உருண்டைகள் கலக்கிறார்கள். அதை நகத்தால் நசுக்கினால் மணலாகப் பொடியும். மாவுப்பூச்சியை நசுக்கினால் ஈரமாகப் பிசுபிசுக்கும். இன்னும் சந்தேகமா? மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சு முனையை நனைத்துத் தொடுங்கள். மேலே இருக்கிற மெழுகு கரைந்து, உள்ளே மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ குட்டி உடம்பு தெரியும். அந்தப் பெண் இதைப் பார்த்துவிட்டு "அய்யே!" என்று இரண்டடி பின்னால் போனாள்.

இந்த மெழுகுதான் விஷயமே. மாவுப்பூச்சி தன் மேல் ஒரு மழைக்கோட்டு போட்டுக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீரோ, மேலாகத் தெளிக்கிற மருந்தோ அதன் மேல் ஒட்டாமல் வழிந்துவிடும். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று புதிதாக ஒன்று வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. விவசாயிகள் மருந்தாக அடித்துப் பார்த்துக் களைத்துப் போனார்கள். கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு குளவிகளைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டார்கள். அவை மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைத் தீர்த்துக்கட்டின. ஏக்கர் கணக்கான தோட்டத்திலேயே மருந்து திணறிய பூச்சிக்கு, நாலு தொட்டி வைத்திருக்கும் நாம் ஏன் விஷத்தைத் தேடிப் போகவேண்டும்? நமக்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது, பஞ்சும் சோப்பும் இருக்கின்றன.

என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

தொட்டி மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டால் மண் தானாக உதிரும். நாங்கள் அதைச் செய்யவில்லை, அதனால் கொஞ்சம் சிரமப்பட்டோம். மண்ணை முழுக்க உதறி, அந்த மண்ணையும் செய்தித்தாளையும் ஒரு கவரில் கட்டி நேராகக் குப்பை வண்டிக்கு அனுப்பினோம். "நல்ல மண்ணாச்சே அக்கா, கறிவேப்பிலைக்குப் போட்டுடவா?" என்று கேட்டாள். கூடவே கூடாது. திருடனைத் துரத்திவிட்டுப் பக்கத்து வீட்டுச் சாவியைக் கொடுப்பதா? சிலர் மண்ணைக் கறுப்பு பாலிதீனில் மூடி வெயிலில் வாரக்கணக்கில் காயவைப்பார்கள். இடம் இருக்கிறவர்கள் செய்யட்டும். நான் ஒரு தடவை பழைய வாணலியில் மண்ணை வறுத்தேன். வீடு முழுக்க மழை பெய்து ஓய்ந்த மாட்டுக் கொட்டகை வாசனை. ஆபீஸிலிருந்து வந்த அவர், "இன்னிக்கு என்ன சமையல்?" என்று பயந்துகொண்டே கேட்டார். அதோடு விட்டேன்.

பிறகு குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் வேரைக் கழுவினோம். பழைய பல் தேய்க்கும் பிரஷ் இதற்கு ரொம்ப நல்லது. அழுகிய வேர் பழுப்பாக, இழுத்தால் கையோடு வரும். அதையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம். மற்றச் செடிகளாக இருந்தால் நல்ல வேரைக் காப்பாற்றத் துணி துவைக்கிற மாதிரி பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஆனால் கற்றாழைக்கு ஒரு சலுகை உண்டு. அதன் சன்ன வேர்கள் எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கிவிட்டாலும், அடித்தண்டு நன்றாக இருந்தால் மறுபடி வேர் விடும். பூச்சி மிகவும் அடர்ந்திருந்தால் நான் வேரைப் பார்த்து இரக்கப்படுவதே இல்லை.

அடுத்து ஒரு மக்குத் தண்ணீரில் சாதாரண சோப்புக் கட்டியைக் கொஞ்சம் சீவிக் கரைத்து, அடித்தண்டை அதில் கால் மணி நேரம் வைத்தோம். சோப்புத் தண்ணீர் மெழுகை மீறி உள்ளே போய் பூச்சியை அடக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசல். இலைகள் தண்டோடு சேரும் இடுக்குகளில் பஞ்சைச் சுற்றிய தீக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒரு சுற்றுத் துடைத்தோம். மாவுப்பூச்சியும், பழுப்புப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும் செதில் பூச்சியும் குடியிருப்பது அந்த இடுக்கில்தான். செதில் பூச்சியை நகத்தால் நெம்பினால் பொட்டுக் கழன்று வரும். ஸ்பிரிட் பட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. அடுப்படியில் வைத்து இந்த வேலை வேண்டாம், மாடியோ பால்கனியோதான். குழந்தை கைக்கு அதுவும் எட்டக் கூடாது. எச்சிவேரியா மாதிரி இலைமேல் சாம்பல் பூத்தாற்போல இருக்கும் செடிகளுக்கு ஸ்பிரிட்டோ எண்ணெயோ பட்டால் அந்தப் பூச்சு போய்த் திட்டுத் திட்டாகிவிடும். முதலில் ஓர் இலையில் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

கள்ளி வகையில் ஒன்று ஜாக்கிரதை. திருகுகள்ளி, சிவப்புப் பூ பூக்கிற முள் செடி எல்லாம் கிள்ளினால் பால் வருகிறவை. அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முந்தானையால் கண்ணைத் துடைக்காதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் அலம்பிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

இனிதான் நம்மால் முடியாத வேலை: சும்மா இருப்பது. வேர் நறுக்கிய செடியை ஈரத்தோடு உடனே நட்டால் வெட்டுக்காயம் அழுகும். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் முறத்தில் வைத்து, நாலைந்து நாள் விட்டுவிட வேண்டும். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும். "செடி செத்துடாதாக்கா?" என்று தினமும் வந்து கேட்டாள். சாகாது. சேமிப்பு இருக்கிற குடும்பம்.

பழைய மண் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். பிளாஸ்டிக் தொட்டியானால் கொதிநீர் தாங்காது, சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும். அடி ஓட்டையை மறக்காதீர்கள், முட்டை பதுங்குகிற இடம் அது. பிறகு இரண்டு பங்கு பெருமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு. நட்ட பிறகு ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது.

இதோடு முடிந்தது என்று கை தட்டிக்கொள்ள முடியாது. மாவுப்பூச்சிப் பெண் ஒன்று பஞ்சுப் பொதி மாதிரிப் பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இறக்கை இருப்பது ஆணுக்கு மட்டும்தான். பெண் ஒரே இடத்தில் உட்கார்ந்து குடும்பம் நடத்துகிறாள். நம் கண்ணுக்குத் தப்பிய முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். அதனால் வாரம் ஒரு முறை, நாலு வாரம் விடாமல் இலை இடுக்கைப் பார்த்துப் பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரே நாளில் அரை லிட்டர் மருந்தைக் கொட்டுவதைவிட இது பலன் தரும். தெளிக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கரைவதற்கு அரை டீஸ்பூன் சோப்புக் கரைசல். சாயங்காலம் தெளித்து, மறுநாள் நேர் வெயில் படாமல் வையுங்கள். வெயிலில் எண்ணெய் பூசிய இலை வெந்துவிடும். வேப்பெண்ணெயும் குழந்தை வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள்தான். நம் மரத்து எண்ணெய் என்பதால் அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

எறும்பையும் சொல்லிவிடுகிறேன். மாவுப்பூச்சி குடித்த சாற்றில் மிச்சத்தை இனிப்பு நீராக வெளியே விடும். அதற்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கும், பொறிவண்டு வந்து தின்னாமல் காவல் காக்கும். தொட்டியடியில் எறும்பு வரிசை போனால் முதலில் வேரைச் சந்தேகப்படுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் துண்டு வைத்து, அதன்மேல் தொட்டியை வைத்தால் எறும்பின் வழி அடைபடும். கொசு உற்பத்தி ஆகாமல் தட்டுத் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கொரு தரம் மாற்றுங்கள். தொட்டி மேல் சின்னக் கறுப்பு ஈ பறந்தால் அது ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளம். மண்ணைக் காயவிட்டால் குறையும்.

சின்னப் பூச்சி என்ன பெரிதாகச் செய்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது காடு கரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி புதராக மண்டிக் கிடந்ததாகச் சொல்வார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தக் கள்ளியை வெட்டியும் கொளுத்தியும் மாளவில்லை. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம், அதே மாதிரி வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. சில வருஷங்களில் தென்னாட்டுக் கள்ளிக் காடுகளில் பெரும்பகுதி பட்டுப்போயின. ஊர்க் கள்ளிக்கே அந்தக் கதி என்றால் தொட்டிக் கள்ளி எம்மாத்திரம்!

தொட்டி மாற்ற எது நல்ல காலம் என்று பலர் எழுதிக் கேட்கிறீர்கள். தை பிறந்து பங்குனி முடிவதற்குள் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயம் காயாது. கத்திரி வெயிலில் செடி தாங்காது. புதிதாக வாங்கிய செடியை மட்டும் எந்த மாதமானாலும் தனியாக ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள், மற்றத் தொட்டிகளோடு சேர்க்க வேண்டாம். கடையில் வாங்கிய கற்றாழைக்கு என்ன மருந்து போட்டார்களோ நமக்குத் தெரியாது. அதை ஆறு மாதம் அழகுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் விடும் குட்டியைப் பிரித்துப் புது மண்ணில் வளர்த்து, அதிலிருந்துதான் இலை எடுப்பேன். இது என் வீட்டுக் கணக்கு. தவிர, கற்றாழை மாதிரியே இருக்கும் அலங்காரச் செடிகள் ஏராளம். அவற்றை வாயில் வைக்காதீர்கள். சோற்றுக்கற்றாழையேயானாலும் தோலுக்கடியில் வரும் மஞ்சள் பால் பேதியாக்கும். அதை நன்றாக வடியவிட்டுக் கழுவித்தான் சோற்றை எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம், எந்த வீட்டிலாவது பூச்சி மருந்து ஏற்கெனவே இருந்தால், அதை ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ காபிப் பொடி டப்பாவிலோ மாற்றி வைக்காதீர்கள். வந்த பொட்டலத்திலேயே, பூட்டுப் போட்ட இடத்தில் இருக்கட்டும். குழந்தை வாயில் போட்டுவிட்டதென்று சந்தேகம் வந்தாலே போதும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் வைத்தியமெல்லாம் வேண்டாம். வாயில் தெரிவதைத் துடைத்துவிட்டு, 108-க்குச் சொல்லிவிட்டு, அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சட்டென்று சிகிச்சை தொடங்க முடியும். பெயரில்லாத கவரில் வாங்காதீர்கள் என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

மாடி வீட்டுக் கற்றாழை நட்டு இப்போது ஆறு வாரம். இரண்டாம் வாரம் இலை இடுக்கில் மூன்று பூச்சி இருந்ததாம், துடைத்துவிட்டாளாம். அடியிலை இரண்டு காய்ந்து விழுந்தன. நேற்று மூச்சிரைக்கப் படியிறங்கி வந்து சொன்னாள்: "அக்கா, நடுவுல ஒரு குருத்து, பச்சையா, என் சுண்டுவிரல் நீளம்!" பையன் பின்னாலேயே வந்தான். கையில் ஒரு பஞ்சு சுற்றிய தீக்குச்சி. அம்மா செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம், என் வீட்டுச் சோபாவைத் துடைக்க ஆரம்பித்தான்.